பாட்டனார் காலத்துப் பேரரசர்: ‘அர்த்த கதானக’த்தில் கேள்வியும் காட்சியும்

தம் குலத்து முன்னோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் பெரும்பாலும் முதலில் செய்வது, அவ்வாழ்க்கையை அக்கால அரசியல் நிகழ்ச்சிகளுக்கு நடுவே கொண்டு நிறுத்துவதாகும். பிறந்த ஆண்டு தெரிந்தால் அவ்வாண்டில் அரசாண்டவர் யார் என்று பார்க்கின்றனர். இறந்த ஆண்டு தெரிந்தால் அவ்வாண்டில் நிகழ்ந்த போரையோ பஞ்சத்தையோ தேடுகின்றனர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துவிட்டால் முன்னோர் வரலாற்றுக்குள் வந்துவிட்டார் என்று கருதப்படுகிறது. அவ்விணைப்பு எத்தகையது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. உடன்நிகழ்ந்ததைக் காரணமாகவும், கேட்டதைக் கண்டதாகவும் மாற்றிவிடும் ஆற்றல் ஒரு வினையெச்சத்துக்கும் ஒரு விகுதிக்கும் உண்டு. ஆதலின் இது வரலாற்றாசிரியரை மட்டும் சார்ந்த சிக்கல் அன்று. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எதிர்கொள்ள வேண்டியதும் ஆகும். ஆக்ராவில் வாழ்ந்த சமண வணிகரும் கவிஞருமான பனாரசிதாசர் கி.பி. 1641இல் எழுதி முடித்த ‘அர்த்த கதானகம்’ என்னும் செய்யுள் நூலை இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் பொருள்.

நூலைப் பற்றிச் சில செய்திகளை முதலில் கூறுதல் வேண்டும். இது தோகா, சௌபாயி முதலிய யாப்புகளில் அமைந்த 675 செய்யுட்களைக் கொண்டது. மத்திய தேசத்துப் பேச்சில் கூறுவதாக ஆசிரியரே தொடக்கத்தில் அறிவிக்கிறார்; பிரஜ மொழியின் அடிப்படையில் ஆக்ரா வட்டாரத்து வழக்கும் பாரசீகக் கடன்சொற்களும் கலந்த நடை அது. நாதூராம் பிரேமியின் பதிப்பு 1943இல் வெளிவந்தது. முகுந்த் லாட் ஆங்கிலப் பெயர்ப்புடனும் ஆய்வுரையுடனும் 1981இல் வெளியிட்ட பதிப்பே இந்நூலை இந்தி உலகிற்கு அப்பால் கொண்டு சென்றது. ரோகிணி சௌத்ரியின் ஆங்கிலப் பெயர்ப்பு 2009இல் வந்தது. இந்திய மொழிகளில் எழுந்த முதல் தன்வரலாறு என்னும் பெயரும் இந்நூலுக்கு வழங்குகிறது. அப்பட்டம் ஓரளவு தீங்கும் செய்துள்ளது என்பது என் கருத்து. தன்வரலாறு என்று பெயரிட்டவுடன் ஆசிரியரின் பாட்டனாரையும் தந்தையையும் பற்றிய தொடக்கப் பகுதி வெறும் முகவுரையாகச் சுருங்கிவிடுகிறது; வாசகர் அதனைக் கடந்து ஆசிரியரின் பிறப்புக்கு விரைகிறார். நம் சிக்கலுக்குரிய செய்திகளோ அப்பகுதியிலேயே செறிந்துள்ளன.

தலைப்பிலேயே தமிழ் வாசகருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பாதியைக் குறிக்கும் வடசொல்லும் பொருளைக் குறிக்கும் வடசொல்லும் தமிழ் எழுத்தில் ‘அர்த்தம்’ என ஒரே வடிவம் பெறுகின்றன. அர்த்தநாரீசுவரர், அர்த்தசாமம் ஆகிய சொற்களில் பாதி என்னும் பொருள் நிலைத்திருப்பினும், தனிச்சொல்லாக நின்றால் ‘பொருள்’ என்பதே முந்தி நிற்கிறது. மனிதரின் முழு ஆயுள் நூற்றுப்பத்து ஆண்டு எனக் கொண்டு, தம் ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்க்கையைப் பாதிக்கதை என்றார் பனாரசிதாசர். தமிழில் பெயர்ப்போர் ‘பாதிக்கதை’ என்றே தலைப்பிடலாம், குழப்பம் நீங்கும்.

குலவரலாற்றுப் பகுதியைக் கூர்ந்து நோக்கினால் அது ஒரே தன்மையுடையதாக இல்லை என்பது புலப்படும். ரோத்தக்கை அடுத்த பீஹோலி என்னும் ஊரில் வாழ்ந்த இராசபுத்திரர்கள், குரு ஒருவரின் உபதேசத்தால் சமணம் தழுவி, சிரீமால் குலத்தில் பீஹோலியா என்னும் கிளைப்பெயர் பெற்ற செய்தி முதலில் வருகிறது. இது எல்லாக் குலங்களும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் தோற்றக்கதை வகையைச் சேர்ந்தது. இதற்கு ஆண்டும் இல்லை, அரசரும் இல்லை. அடுத்துச் சில பெயர்களின் வரிசை வருகிறது. அவ்வரிசையின் இறுதியில் நிற்கும் பாட்டனார் மூலதாசரிடம் வந்தவுடன் நடை மாறுகிறது. அவர் இந்தியும் பாரசீகமும் கற்றவர்; முகலர் ஒருவருக்கு மோதியாகி மாளவ நாட்டு நர்வர் நகருக்கு வந்தவர். அம்முகலர் ஹுமாயூன் பேரரசரின் வீரர். நர்வரில் ஜாகீர் பெற்றவர். அங்கே சம்வத் 1608, சாவண மாதம், வளர்பிறை ஐந்தாம் நாளில் மூலதாசருக்குக் கரக்சேன் என்னும் மகன் பிறக்கிறான். பின்னர்ப் பிறந்த இளைய மகன் சிறு வயதிலேயே இறக்கிறான். அத்துயரினூடே சம்வத் 1613இல் மூலதாசரும் இறக்கிறார். அப்போது வெளியூர் சென்றிருந்த முகலர் செய்தி அறிந்து திரும்பி வந்து, வீட்டுக்கு முத்திரையிட்டு உடைமை அனைத்தையும் எடுத்துக்கொள்கிறார். கைம்பெண் ஐந்து வயது மகனுடன் கிழக்கே ஜவுன்பூரில் இருந்த தம் தந்தை வீட்டை அடைகிறார்.

இங்கே வரலாற்று நூல்களைத் திறப்போமாயின் ஒரு முரண் எதிர்ப்படுகிறது. சம்வத் 1608 சாவணம் என்பது கி.பி. 1551, சூலை அல்லது ஆகசுட்டு. அப்போது ஹுமாயூன் இந்துஸ்தானத்தின் பேரரசராக இல்லை. 1540இல் கன்னோசியில் சேர்ஷா சூரிடம் தோற்று, சிந்து, பாரசீகம் என அலைந்து, காபூலைக் கைப்பற்றி அங்கிருந்த காலம் அது. டெல்லியில் சேர்ஷாவின் மகன் இசுலாம் ஷா அரசாண்டார். ஹுமாயூன் டெல்லியை மீட்டது 1555இல். இறந்தது 1556 சனவரியில். அதாவது மூலதாசர் இறந்த சம்வத் 1613 பிறப்பதற்கு முன்பே ஹுமாயூன் மறைந்துவிட்டார். நர்வருக்கு அண்மையிலுள்ள குவாலியர்க் கோட்டை அக்பரின் படையிடம் வந்தது 1550களின் இறுதியில்தான். ஆகவே 1551இல் ஹுமாயூனின் வீரர் ஒருவர் நர்வரில் ஜாகீர்தாரராக அமர்ந்திருந்தார் என்பது அக்கால அரசியல் நிலையோடு பொருந்தவில்லை.

இம்முரணைத் தீர்க்கப் பல வழிகள் உள்ளன. ஹுமாயூனின் முதல் ஆட்சியிலேயே, 1540க்கு முன், அம்முகலர் நர்வருக்கு வந்து, சூர் ஆட்சியிலும் எவ்வாறோ நிலைத்திருந்தார் எனலாம். இயலாதது அன்று, எளிதாக நம்பத் தக்கதும் அன்று. பிறந்த ஆண்டு பிழை எனலாம். ஆனால் தந்தையின் வயதாகப் பின்னர்க் கூறப்படுவன அவ்வாண்டோடு இசைந்தே செல்கின்றன. எனக்குப் பொருத்தமாகப் படுவது மூன்றாவது விளக்கம். மாதம், பக்கம், திதி என நுணுக்கமாக வரும் நாட்குறிப்பு சாதகக் குறிப்பிலிருந்தோ குடும்ப ஏட்டிலிருந்தோ வந்திருத்தல் கூடும். பேரரசரின் பெயரோ வாய்மொழியாக வந்திருக்க வேண்டும். சாதகம் எழுதுவோருக்கு நாளும் கோளும் வேண்டும். ஆள்வோர் யார் என்பது வேண்டியதில்லை. மூலதாசர் இறந்தபோது கரக்சேனுக்கு ஐந்து வயது. தந்தையின் தலைவர் எந்த அரசரைச் சார்ந்தவர் என்பதை அக்குழந்தை அறிந்திருக்க இயலாது; பின்னாளில் தாய் சொல்லக் கேட்டிருக்கலாம். சூர் மரபினரின் ஆட்சி மறைந்து, அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான் என மூவர் ஆட்சியைக் கண்ட குடும்பத்தில், ‘முகலர்’ என்ற சொல்லே அக்பரின் தந்தை பெயரை இழுத்துவந்திருக்கும். ஆண்டு ஒரு வழியில் வந்தது. அரசர் பெயர் வேறொரு வழியில் வந்தது. பேரன் எழுதிய செய்யுளில் இரண்டும் முதன்முறையாகச் சந்தித்தன.

இவ்விளக்கத்துக்கு வலுவூட்டும் சான்று அடுத்த தலைமுறையில் கிடைக்கிறது. கரக்சேன் இளமையில் வங்காளத்துக்குச் சென்று, சுலைமான் என்னும் பட்டாணிய அரசரின் ஆட்சியில் திவானாக இருந்த ராய் தன்னா என்னும் சிரீமால் குலத்தவரிடம் பணியேற்று, சில பர்கனாக்களின் வரிப்பணப் பொறுப்பைப் பெற்றார். ராய் தன்னா திடீரென இறந்ததும் உயிருக்கு அஞ்சி மாறுவேடத்தில் ஜவுன்பூருக்கு ஓடிவந்தார். சம்வத் 1626இல் பதினெட்டாம் வயதில் அவர் ஆக்ராவுக்குச் சென்றதால், வங்காள வாழ்க்கை அதற்கு முந்தியது. சுலைமான் கர்ரானி வங்காளத்தை ஆண்டது 1565 முதல் 1572 வரை. இங்கே குடும்பச் செய்தியும் அரசியல் வரலாறும் உராய்வின்றிப் பொருந்துகின்றன. காரணம் வெளிப்படை. தாமே வாழ்ந்து பட்டதைத் தந்தை மகனுக்குச் சொன்னார். பாட்டனாரைப் பற்றிச் சொன்னவர்களோ பிறர் சொல்லக் கேட்டவர்கள்.

பனாரசிதாசர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர் என்பதே இந்நூலின் சிறப்பு. காதால் கேட்டவாறும் கண்ணால் கண்டவாறும் சொல்லப் போவதாக நூலின் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். ஜவுன்பூரின் பழைய சுல்தான்கள் என ஒன்பது பெயர்களை அடுக்கியபின், முன்னிருந்த பெரியோர் சொல்லைத் தம் காதால் கேட்டதாகவும், கேட்டபடியே உரைத்ததால் பொய்ம்மைக் குற்றம் தம்மைச் சாராது என்றும் சொல்கிறார். அப்பட்டியல் வரலாற்றோடு ஒத்துவருவதில்லை. ஷர்க்கி மரபில் மாலிக் சர்வர் முதல் ஹுசைன் வரை ஆண்டவர் அறுவரே. எனினும் ஆசிரியர் பொய் கூறினார் எனச் சொல்ல இயலாது. ‘இவர்கள் ஆண்டனர்’ என்பது அவர் கூற்று அன்று; ‘இவர்கள் ஆண்டனர் எனக் கேட்டேன்’ என்பதே கூற்று. வாய்மையை நோன்பாகக் கொண்ட சமயத்தவர், கூற்றின் உண்மைக்கு எவர் பொறுப்பேற்கிறார் என்பதைத் தெளிவாக வரையறுக்கிறார். மொழியியலார் சான்றுநிலை என்று இன்று ஆராயும் பொருள் இதுவே.

இனித் தமிழுக்கு வருவோம். பிரஜ மொழியில் கேள்விச் செய்தியைக் காட்டத் தனி விகுதி இல்லை. ‘கேட்டேன்’, ‘கேட்டபடி’ என்று தனிச்சொல்லால்தான் கூற வேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டால் அது எத்தனை செய்யுளுக்குச் செல்லும் என்பது படிப்போரின் ஊகத்துக்கு உரியது. தமிழிலோ ‘ஆம்’ என்னும் இடைச்சொல் ஒவ்வொரு முற்றிலும் ஏறி நின்று கேள்வியைக் காட்டவல்லது. ‘மூலதாசர் நர்வருக்கு வந்தார்’ என்பதற்கும் ‘வந்தாராம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தையும் அறியும். எனவே தமிழ்ப் பெயர்ப்பாளருக்கு மூலத்தில் இல்லாத வசதி ஒன்று கிடைக்கிறது. கூடவே மூலத்தில் இல்லாத கட்டாயமும் வந்து சேர்கிறது. ‘ஆம்’ இட்டால் பாட்டனார் பற்றிய பகுதி முழுவதும் ஒரே சீராக ஐயத்துக்குரியதாகிவிடும். நாள், திதி கூடிய பிறப்புக் குறிப்பும், வீட்டுக்கு முத்திரையிட்ட செய்தியும் பாட்டிக்கதையின் ஓசையைப் பெறும். இடாவிட்டால் பேரன் நேரில் நின்று பார்த்தவர்போல் ஆகிவிடுவார். எழுத்துநடையில் ‘ஆம்’ கேள்வியோடு நில்லாமல் எள்ளலையும் ஏற்றிக்கொள்ளும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ‘பெரிய பணக்காரராம்’ என்று எழுதினால் எவரும் அதைப் பாராட்டாகக் கொள்வதில்லை. ‘என்பர்’ என்றால் புலவர் உரையின் சாயல் வருகிறது. ‘எனக் கேள்வி’ என்றால் செய்தித்தாளின் சாயல்.

நான் இப்பகுதியைத் தமிழாக்கியபோது மேற்கொண்ட முறை வருமாறு: தோற்றக்கதைப் பகுதியை ‘என்பர்’ என்னும் முடிபுகளால் தந்தேன். மூலதாசர் பகுதியின் தொடக்கத்தில் ‘எங்கள் குடும்பத்தார் சொல்வது இது’ என ஒரு வாக்கியத்தை மட்டும் அமைத்து, பின்னர் இயல்பான இறந்தகால முற்றுகளால் நடத்திச் சென்றேன். மூலத்தில் அவ்விடத்தில் அவ்வாக்கியம் இல்லை. ஆயினும் நூன்முகத்தில் ஆசிரியர் தந்த வாக்குறுதியைத் தமிழ் இலக்கணம் கேட்கும் இடத்திற்கு மாற்றி வைத்தது என்ற அளவில் அது மிகையாகாது எனக் கருதுகிறேன். இதை ஏற்காதவர்கள் இருப்பர். அவர்கள் ‘ஆம்’ வேண்டாம் என்று சொல்வார்களேயானால் அதற்கு ஈடாக எதனை வைப்பர் என்பதையும் கூற வேண்டும்.

முன்னோரையும் நிகழ்ச்சியையும் இணைக்கும் எச்சங்களைப் பற்றியும் இங்குக் கருத வேண்டும். செயவென் எச்சம் காரணப்பொருளிலும் காரியப்பொருளிலும் உடனிகழ்ச்சிப் பொருளிலும் வரும் என்பது நம் இலக்கணிகள் கண்ட உண்மை. ‘மணி அடிக்கக் கூட்டம் கலைந்தது’ என்பதில் மணி காரணம்; ‘பயிர் செழிக்க நீர் பாய்ச்சினர்’ என்பதில் செழிப்பு காரியம்; ‘பொழுது சாய ஊர் சேர்ந்தோம்’ என்பதில் பொழுது சாய்ந்ததற்கும் ஊர் சேர்ந்ததற்கும் காலத்தொடர்பு அன்றி வேறில்லை. இதே அச்சில் ‘ஹுமாயூன் மறைய, மூலதாசரும் இறந்தார்’ என்று எழுதிப் பார்க்கலாம். இலக்கணப் பிழை இல்லை; ஆண்டுக் கணக்கும் ஏறத்தாழச் சரி. ஆனால் படிப்பவர் மனத்தில் பேரரசரின் சாவு வணிகரின் சாவைத் தொட்டுவிடுகிறது. ‘இரண்டாம் பானிப்பட்டுப் போர் நடந்த ஆண்டில்’ எனப் பெயரெச்சத் தொடராக எழுதினாலும் நிலைமை மிகுதியாக மாறுவதில்லை. 1556 நவம்பரில் நடந்த அப்போரும் சம்வத் 1613இல்தான் அடங்குகிறது. அப்போரில் அக்பரின் படைக்கு எதிரே நின்ற ஹேமு, ரேவாரியில் வணிகராக வாழ்வைத் தொடங்கியவர் என்று சொல்லப்படுகிறது. வணிகக் குடும்பத்தின் கதை எழுதும் இக்கால எழுத்தாளர் எவரும் இப்பொருத்தத்தை விடமாட்டார். பனாரசிதாசர் விட்டுவிட்டார். போரைப் பற்றி ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. அவ்வாண்டில் அவர் வீட்டுக்கு நேர்ந்தது ஒரு சாவும் ஒரு முத்திரையும். போர் அவ்வீட்டுக்கு வந்ததாக எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

அரசியல் நிகழ்ச்சி வீட்டுக்கு வரும் இடங்களில் அவர் எவ்வளவு விரிவாக எழுதுகிறார் என்பதை நோக்கினால் இம்மௌனத்தின் பொருள் விளங்கும். 1605 அக்டோபரில் அக்பர் இறந்த செய்தி ஜவுன்பூருக்கு வந்த பகுதி நூலில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. பனாரசி வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். செய்தி காதில் விழுந்ததும் நிலைதடுமாறி உருண்டு விழுகிறார். தலை கல்லில் மோதிக் குருதி பெருகுகிறது. பெற்றோர் ஓடிவந்து தூக்குகின்றனர். தாய் துணியைச் சுட்டுக் காயத்தில் வைக்கிறார். அதே நேரத்தில் ஊர் கலங்குகிறது. கடைகள் அடைபடுகின்றன, செல்வர் நகைகளையும் நல்லாடைகளையும் புதைக்கின்றனர், உடையால் செல்வர் யார் வறியர் யார் என்று தெரியாதவாறு எல்லாரும் முரட்டுத் துணி உடுத்துகின்றனர். பத்து நாள் சென்றபின் ஆக்ராவிலிருந்து கடிதம் வருகிறது. சலீம் அரியணை ஏறி ஜஹாங்கீர் எனப் பெயர் சூடிய செய்தி அதில் இருக்கிறது, அச்சம் நீங்குகிறது.

வரலாற்றாசிரியர்கள் இப்பகுதியை முகலாய அரசுரிமை மாற்றத்தின்போது எழுந்த பொது அச்சத்துக்குச் சான்றாகக் காட்டுவர். அது சரியே. ஆனால் பகுதியின் வாக்கிய ஒழுங்கு வேறொன்றைச் சொல்கிறது. இங்கே அக்பர் இறந்தது எழுவாய் அன்று. செய்தி வந்ததே எழுவாய். இறப்புக்கும் விழுகைக்கும் நடுவே ஆக்ராவிலிருந்து ஜவுன்பூர் வரை செய்தி நடந்து வந்த தொலைவு இருக்கிறது. அச்சம் நீங்கியதும் முடிசூட்டால் அன்று, கடிதத்தால். புதைத்த நகைகள் மண்ணிலிருந்த பத்து நாளும் கடிதம் வர எடுத்துக்கொண்ட நாட்களே. தமிழில் ‘அக்பர் இறக்க ஊர் அஞ்சியது’ என்று சுருக்கினால் இத்தொலைவு அழிந்துவிடும். ‘அக்பர் இறந்த செய்தி வர’ என்று ஒரு பெயர்ச்சொல்லைக் கூட்டினால் போதும். காரணப்பொருள் சரியான இடத்தில் விழும். இதன் தொடர்ச்சியும் கவனிக்கத்தக்கது. பனாரசி அக்காலத்தில் சங்கு ஒன்றைச் சிவனாகக் கொண்டு வழிபட்டு வந்தார். தாம் உருண்டு விழுந்தபோது அச்சிவன் துணைசெய்யவில்லையே என்று பின்னொரு நாள் எண்ணி, அவ்வழிபாட்டைக் கைவிடுகிறார். பேரரசர் ஒருவரின் சாவு வணிகர் ஒருவரின் சமயப் போக்கில் மாற்றத்தை உண்டாக்கியது என்று இதனைச் சொல்லலாம். ஆனால் நடுவே படிக்கட்டும் கல்லும் காயமும் நிற்கின்றன.

1590களின் இறுதியில் ஜவுன்பூர் ஆளுநர் கிலீஜ் கான் நகைவணிகரைச் சிறையிலடைத்துக் கசையடி கொடுத்ததும், அதனால் கரக்சேன் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடியதும், 1616இல் ஆக்ராவில் கொள்ளைநோய் பரவியதும் இவ்வாறே வீட்டு வாயிலிலிருந்து பார்த்து எழுதப்பட்டவை. கொள்ளைநோய்ப் பகுதிக்கு ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்புகள் துணைச்சான்றாகின்றன.

ஆண்டுக் கணக்கு குறித்து மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு சொல். விக்கிரம சம்வத்திலிருந்து 57ஐக் கழித்தால் கிறித்து ஆண்டு கிடைக்கும் என்னும் வாய்ப்பாடு ஆண்டின் பிற்பகுதிக்குச் செல்லாது. சனவரி தொடங்கிச் சம்வத் ஆண்டு முடியும் வரை 56ஐயே கழிக்க வேண்டும். பனாரசிதாசர் பிறந்தது சம்வத் 1643, மாக மாதம், வளர்பிறை ஏகாதசி. வாய்ப்பாட்டின்படி 1586 என்றே நூல்கள் பலவும் எழுதுகின்றன. மாக மாதமோ 1587 தொடக்கத்தில்தான் வரும். சிறு வேறுபாடுதான், ஆனால் முன்னோர் ஒருவரை அரசியல் நிகழ்ச்சியோடு இணைக்க முற்படும்போது சில மாதங்களே எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஹுமாயூன் இறந்த சனவரியும் மூலதாசர் இறந்த ஆண்டும் கிறித்துக் கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன; சம்வத் கணக்கில் அவை இரண்டு வெவ்வேறு ஆண்டுகள். ஆசிரியர் மனத்தில் அவ்விரு சாவுகளும் ஓராண்டில் நிகழ்ந்தவையாக இருந்திருக்கவே இயலாது. பெயர்ப்பின் உடலில் சம்வத்தையே நிறுத்தி, கிறித்து ஆண்டை விளிம்பில் தருவது நலம்.

மதிப்பு விகுதியும் தொல்லை தருவதே. பனாரசிதாசர் தம்மைப் பெரும்பாலும் படர்க்கையில், ‘பனாரசி’ என்று பெயர் சொல்லியே குறிக்கிறார். தந்தையையும் ‘கரக்சேன்’ என்கிறார். தமிழில் தன்னை ‘ஆன்’ விகுதியாலும் தந்தையை ‘ஆர்’ விகுதியாலும் குறிப்பது இயல்பு. பிறந்த குழந்தையாகவும் ஐந்து வயதுச் சிறுவனாகவும் வரும் கரக்சேனை என்ன செய்வது? ‘கரக்சேனார் பிறந்தார்’ என்பது நகைப்புக்கு இடமாகும். ‘பிறந்தான்’ என்று தொடங்கினால் எந்த வயதில் ‘ஆர்’ ஏறும்? இக்கட்டுரையில் நர்வர்ப் பகுதியில் ‘பிறக்கிறான்’ என்றும் வங்காளப் பகுதியில் ‘சென்றார்’ என்றும் எழுதியுள்ளேன். தம் கையால் வருவாய் ஈட்டத் தொடங்கிய இடமே எல்லை என்று கொண்டேன். அரசர்களின் நிலை வேறு. பழைய தமிழ் வரலாற்று நூல்களில் ‘அக்பர் ஆண்டான்’ என்பதே வழக்கு; அரசன் பொதுப்பொருளாக இருந்த காலத்து நடை அது. வணிகர்க்கு ‘ஆர்’, அரசர்க்கு ‘ஆன்’ என்று அமைந்தால் மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு தோன்றும். இருவருக்கும் ‘ஆர்’ கொடுப்பதே இன்றைய நடைக்கு ஏற்றது.

சொற்களில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ‘மோதி’ என்பது படைத்தலைவர், பிரபு முதலியோரின் வீட்டுக்கும் ஆட்களுக்கும் தானியமும் பிற பொருளும் வழங்கிக் கணக்கு வைப்பவரைக் குறித்தது. மூல ஒலிக்கேற்ப ‘மோடி’ என எழுதினால் தஞ்சை மராட்டியர் ஆவணங்களின் மோடி எழுத்தை அறிந்த தமிழர் குழம்புவர். இன்று அது ஒரு குடும்பப்பெயராகவும் நன்கறியப்பட்டது. ‘கணக்கப்பிள்ளை’ என்றால் கொடுக்கல் வாங்கல் பகுதி மறைந்துவிடும். முகலர் தம் சரக்கை மூலதாசரிடம் ஒப்படைத்து வைத்திருந்தார் என்று நூல் கூறுவதால், வீட்டிலிருந்த பொருளில் எது தலைவருடையது, எது மோதியுடையது என்ற எல்லை மங்கலாக இருந்திருக்கும். முத்திரையிட்ட செயல் வாசகருக்கு வெறும் கொள்ளையாகத் தோன்றுவதும் தோன்றாமற்போவதும் இச்சொல்லை எவ்வாறு பெயர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ‘பண்டக வணிகர்’ என்னும் தொடர் ஓரளவு பொருந்தும். ‘ஜாகீர்’ தமிழுக்குப் புதிதன்று. 1763இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினிக்கு அளித்த செங்கற்பட்டுப் பகுதி ஜாகீர் என்றே வழங்கியது. ஆயின் அங்கு அது நிலையான நிலப்பரப்பின் பெயராயிற்று. முகலாய ஜாகீரோ பணிக்கு ஈடாக ஒதுக்கிய வருவாய் உரிமை. பணியாளர் மாறினால் அதுவும் கைமாறும். அடிக்குறிப்பு இன்றி இச்சொல்லை விடுதல் தகாது.

அடிக்குறிப்பு என்றவுடன் ஹுமாயூன் மீண்டும் வருகிறார். பெயர்ப்பாளர் இங்குத் திருத்தலாமா? ‘முகலர் ஒருவர்’ என்று மட்டும் கூறிப் பேரரசர் பெயரை விட்டுவிட்டால் முரண் மறையும், படிப்பதற்கும் தடையிராது. ஆனால் அப்பெயர் 1551இன் நர்வரைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லாவிடினும் 1641இன் ஆக்ராவைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஷாஜஹான் காலத்து வணிகக் குடும்பம் ஒன்று தன் பாட்டனாரை எந்த அரசமரபின் நிழலில் வைத்து நினைத்துக்கொண்டது என்பதற்கு அதுவே சான்று. எனவே பெயர் பாட்டில் நிற்க வேண்டும். அதற்கு எதிரே பக்கத்தின் அடியில், சம்வத் 1608இல் டெல்லியில் இசுலாம் ஷா சூரும் காபூலில் ஹுமாயூனும் இருந்தனர் என்னும் ஒற்றைக் குறிப்பு போதுமானது. ‘ஆசிரியர் தவறு செய்துள்ளார்’ என்ற சொற்றொடர் அக்குறிப்பில் இடம்பெறத் தேவையில்லை. கேட்டபடி சொன்னேன் என்று அவர் எழுதிவைத்த செய்யுள் அதே நூலில் இருக்கிறது.